தக்காளிச் சோஸ் மரக்கறியாகாது

தக்காளிப் பழம் பலநாட் காத்திருப்பதன்று. ஒரே காலத்தில் நட்ட பல தோட்டங்களின் பழமும் ஒரே கிழமையிற் சந்தைக்கு வந்து சேர்வதால், தம்புள்ளை போன்ற மொத்த விற்பனை நிலையங்களில் விலை சடுதியாக வீழ்வதுண்டு. பறிகூலிக்கும் ஏற்றுகூலிக்கும் போதாத விலைக்கு விற்பதினும் பழத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிடுதல் மேலெனக் கமக்காரர் எண்ண நேரிடுகின்றது. அவ்வாறு பழம் அழுகும் வீட்டின் மேசையிற் கடைச் சோஸ் போத்தலொன்று இருக்குமாயின், அது சிந்திக்கத்தக்க காரியமாகும்.

சோஸ் தீய உணவென்று கூறுதல் பொருந்தாது. தக்காளிக்குச் செந்நிறந் தருவது லைக்கோபீன் என்னும் பொருள். பழத்தை வேகவைக்கும்போது அதன் கலச்சுவர்கள் சிதைவதால், இப்பொருளை உடல் எளிதில் ஏற்கின்றது. எண்ணெய் சேர்ந்த உணவுடன் உண்டால் இன்னும் நன்றாக ஏற்கும். ஆயினும், நெடுநேரம் காய்ச்சுவதால் விற்றமின் சி குறைகின்றது. தோலும் விதையும் வடிக்கப்படுவதால் நார்ப்பொருளும் குறைகின்றது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை சீனியும் உப்புமே. கடைகளிற் சாதாரணமாக விற்கப்படும் சோஸில், மேசைக்கரண்டி ஒன்றுக்குச் சுமார் 4 கிராம் சீனி உண்டு. உப்பு அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூன்று கரண்டி ஊற்றிக்கொள்ளும் பிள்ளை 12 கிராம் சீனியையும் 1 கிராமுக்கு மேற்பட்ட உப்பையும் தன்னை அறியாமலே உண்கின்றது. வளர்ந்தோர்க்கே நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்புப் போதுமென உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளோர் இதனை மறத்தலாகாது. நெஞ்செரிவுடையோர் சிலர்க்குத் தக்காளியின் புளிப்பும் துன்பத்தை மிகுவிக்கும். ஆகவே சோஸ் சுவைக்காகத் தொட்டுக்கொள்ளும் பொருளேயன்றி, மரக்கறியின் இடத்தை நிரப்ப வல்லதன்று.

மிகுந்த பழத்தை வீட்டிலேயே சோஸாக்குதல் இருவகையில் நன்மை தரும்: பழம் வீணாகாது, சீனியும் உப்பும் எவ்வளவு சேர்வதென்பது வீட்டார் கையிலேயே இருக்கும். இதற்கு நன்கு சிவந்த, பழுதற்ற பழங்களையே எடுத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த பழத்தை வெட்டிச் சேர்த்தலும், பட்டுப்போன செடியிற் பறித்த பழத்தைச் சேர்த்தலும் தகா. பூச்சிகொல்லி தெளித்த தோட்டமாயின், மருந்தின் சிட்டையிற் குறித்த நாட்கள் கழிந்த பின்னரே பழம் பறித்தல் வேண்டும். செப்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலால், துருப்பிடியா உருக்குப் பாத்திரமே ஏற்றது. சீனியைக் குறைக்கலாம், வினாகிரியைக் குறைத்தலாகாது. புளிப்புக் குறைந்தால் நச்சுக் கிருமிகள் வளர இடமுண்டாகும். கொதிநீரில் அவித்தெடுத்த சிறு போத்தல்களிற் சோஸைச் சூட்டுடன் நிரப்பி இறுக மூடுதல் வேண்டும். திறந்த போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் முடித்தல் நன்று.

விறகும் உழைப்பும் செலவாகும், கடைப் போத்தலே மலிவு என்று சிலர் கூறுவர். ஒரு வீட்டார் தனித்துச் செய்யின் அது ஓரளவு உண்மையே. அயல்வீட்டார் நால்வர் கூடிச் செய்தால் அடுப்பும் உழைப்பும் பங்காகும். எனினும், விலை வீழ்ச்சிக்குச் சோஸ் முழு மருந்தன்று. பெரும்போக நெல் அறுத்த வயலில் தக்காளி நடுவோர், அயலவருடன் கலந்து பேசி, நாற்று நடுகையைக் கிழமைக் கணக்கிற் பிரித்துக்கொள்ளுதலே முதன் மருந்து. அதற்குப் பின்னும் எஞ்சும் பழத்துக்கே சோஸ் வழியாகும்.

விளைத்தவன் வீட்டுப் பிள்ளை முதலிற் பழமாகவும் கறியாகவும் தக்காளியை உண்ணட்டும். சோஸ் அதற்குப் பின்னர், சிறு கரண்டியளவில் வரட்டும்.