ஸ்பெக்ல தோத்தா தோல்வியா?

ஹாஸ்டல்ல கன்சோல் பேச்சு வந்தாலே ஒரு டயலாக் கண்டிப்பா வரும்: "நின்டெண்டோவா? பழைய சிப்பைப் போட்டு காசு பார்க்கிறான் மச்சி." டெராஃப்ளாப்ஸ் கணக்கு மட்டும் பார்த்தா அது சரிதான். ஆனா அது மட்டுமே கணக்கா?

நின்டெண்டோ நேருக்கு நேர் மோதியும் பார்த்திருக்கிறது. 2001-ல் வந்த கேம்க்யூப், பவரில் பிளேஸ்டேஷன் 2-க்குச் சளைத்ததே இல்லை. விற்றது என்னவோ சுமார் 2.2 கோடி. பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல்! அது ஒரு வருஷம் முன்னாடியே வந்து இடத்தைப் பிடித்துவிட்டது, டிவிடி படமும் ஓடும். கேம்க்யூபின் குட்டி டிஸ்க்கில் சுமார் 1.5 ஜிபிதான், படமும் ஓடாது. அதே 2001-ல்தான் செகா, ட்ரீம்காஸ்ட்டோடு கன்சோல் தொழிலையே மூட்டை கட்டியது.

ஏன் இப்படி? சோனிக்கு டிவி, மியூசிக், சினிமா என்று பல தொழில். மைக்ரோசாஃப்ட்டுக்கு விண்டோஸும் ஆபீஸும் இருக்கிறது. கன்சோலில் கொஞ்ச வருஷம் நஷ்டம் வந்தாலும் தாங்குவாங்க. நின்டெண்டோவுக்கு கேம்தான் சோறு. அவங்களோட விலைச் சண்டை, சிப் சண்டை போட்டா யார் முதலில் மூச்சு வாங்குவாங்கன்னு சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் 2006-ல் வந்த வீ எனக்குப் பிடித்த உதாரணம். உள்ளே இருந்தது கிட்டத்தட்ட கேம்க்யூப் சிப்பின் வேகமான வடிவம். ஹெச்டி கிடையாது. விலை 250 டாலர். அப்போ பிளேஸ்டேஷன் 3 விலை 500, 600 டாலர். ரிமோட்டைக் கையில் பிடிச்சு வீசினா டென்னிஸ், அவ்வளவுதான். கன்சோலைத் தொட்டே பார்க்காத தாத்தா பாட்டிகளும் விளையாடினாங்க. 10 கோடிக்கு மேல் விற்று, அந்தத் தலைமுறையில் மற்ற இரண்டையும் முந்தியது.

இந்த யோசனை புதுசில்லை. கேம் பாய்க்குப் பின்னால் இருந்த குன்பெய் யோகோய் சொன்ன கொள்கைதான்: நல்லா பழகி, விலை குறைந்துபோன டெக்னாலஜியை எடு, அதைப் புது விதமாகப் பயன்படுத்து. 1989-ல் வந்த கேம் பாயில் கலர் இல்லை. செகாவின் கேம் கியரில் கலர் இருந்தது, ஆனால் 6 பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். 4 பேட்டரியில் அதைவிடப் பல மணி நேரம் ஓடிய கேம் பாய்தான் ஜெயித்தது.

அப்போ தனி ரூட் எடுத்தா எப்பவும் ஜெயிக்கலாமா? இல்லவே இல்லை. அதே யோகோய் செய்த வர்ச்சுவல் பாய் 1995-ல் படுத்துவிட்டது. 2012-ல் வந்த வீ யூ வெறும் 1.36 கோடியோடு நின்றது. அது புது கன்சோலா, பழைய வீக்கு ஒரு துணைக் கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. வீ வாங்கிய கூட்டத்தில் நிறைய பேர் அதற்குள் ஸ்மார்ட்ஃபோனுக்குப் போய்விட்டாங்க. தனி ரூட்டில் கிடைக்கிற கஸ்டமர் தங்குவார் என்று உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுசா சம்பாதிக்கணும்.

2017-ல் ஸ்விட்ச் வந்தது. 2015-லேயே சந்தைக்கு வந்த டெக்ரா எக்ஸ்1 வகை சிப்தான். ஆனால் டிவியில் ஆடிட்டு, அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஒரே வரியில் யாருக்கும் புரியும். 15 கோடியைத் தாண்டிவிட்டது.

என் கருத்து இதுதான்: பணபலம் இல்லாதவன் நேர் மோதலுக்குப் போகக்கூடாது, தனி ரூட் எடுக்கணும். ஆனா வித்தியாசமா இருப்பது வேற, தேவையா இருப்பது வேற. "இதை ஏன் வாங்கணும்?" என்பதற்கு ஒரு வரியில் பதில் இல்லையென்றால் அது ரூட் இல்லை, முட்டுச்சந்து.

இது கன்சோல் கம்பெனிக்கு மட்டுமா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நம்மில் பாதிப் பேர் அதே ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸை எடுத்துட்டு, அக்யூரசி 98-ஆ 98.5-ஆ என்று மோதிக்கிறோம். பழைய சென்சாரை வைத்து யாருக்கோ நிஜமாகவே உதவுகிற ஒன்றைச் செய்கிறவனைப் பார்த்து, "இதுல என்ன இன்னோவேஷன்?" என்று கேட்கிறோம். கேட்பதற்கு முன்னாடி, அது யாருக்கு உதவுது என்றும் ஒரு தடவை கேட்கலாமே?