கிருமியின் குப்பைத் தொட்டி

தேக்கா சந்தையில் அழுகிய காய்கறிகளை ஒரு நாள் அகற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பாக்டீரியாவுக்கும் அதே பிரச்சினை உண்டு. அதற்குள் ஓயாமல் புரதங்கள் உருவாகின்றன. சில தவறாக மடிகின்றன. சில சூட்டில் உருக்குலைகின்றன. அவை தேங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

ஈ.கோலை பாக்டீரியா இத்தகைய பழுதான புரதங்களை விரைந்து சிதைக்கிறது என்பதை 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் காட்டினார். அதைச் செய்யும் நொதிகள் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. 'கிளிப்' என்ற நொதி பீப்பாய் போன்றது. அதன் வாயிலில் உள்ள துணைப் புரதம், ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு, பழுதான புரதத்தின் மடிப்பைப் பிரித்து உள்ளே தள்ளும். உள்ளே அது துண்டு துண்டாகும்.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பதில் சிங்கப்பூரிலேயே இருக்கிறது.

பைரசினமைடு 1950களிலிருந்து காசநோய்க்குத் தரப்படும் மருந்து. முன்பு ஒன்றரை ஆண்டு நீடித்த சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்க உதவியது அதுதான். அதற்கான முக்கியப் பரிசோதனைகள் சில இங்கேதான் நடந்தன. ஆனால் அது கிருமியை எப்படித் தாக்குகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2020இல் ஒரு விடை தந்தது. பெரும்பாலான மருந்துகள் இலக்குப் புரதத்தின் வேலையைத் தடுக்கும். இந்த மருந்தோ, கிருமிக்குள் மாற்றமடைந்து, 'பேன்-டி' என்ற புரதத்தில் ஒட்டி அதன் வடிவத்தைக் குலைக்கிறது. கிளிப் நொதி அதைக் குப்பை என்று கருதிச் சிதைத்துவிடுகிறது. பேன்-டி இல்லாமல் கிருமியால் கோஎன்சைம்-ஏ தயாரிக்க முடியாது. தன் துப்புரவாளராலேயே அது வீழ்கிறது.

கோல்ட்பர்க் காசநோய் மருந்தைத் தேடி ஆய்வைத் தொடங்கவில்லை. அடிப்படை ஆய்வுக்கு உடனடிப் பலன் கேட்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

சிங்கப்பூரில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் மருந்து உட்கொள்ளச் செய்யுங்கள். ஆய்வானாலும் சிகிச்சையானாலும் பாதியில் நிறுத்தக் கூடாது.