துவக்குப் பிடங்கிற்கு இறப்பர் மெத்தை

பன்றிக் காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் பலர், பிடங்கின் அடியில் இறப்பர் மெத்தை பொருத்துவதை வீண்செலவென்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. 12 ஆம் இலக்கத் துவக்கின் உதைப்புக்கு அஞ்சியவர் விசையை இழுக்குமுன்னரே தோளைச் சுருக்குவர்; குறி தவறும்; காயமுற்ற பன்றி பற்றைக்குள் மறைந்து, தேடிச் செல்வோர்மீது பாயும். மெத்தை உதைப்பை ஒழிப்பதில்லை. அது தோளைச் சேரும் நேரத்தைச் சற்று நீட்டி, தாக்கத்தைத் தணிக்கின்றது.

ஆயினும், அளவான பிடங்கின்மேல் மெத்தையை அப்படியே பொருத்துதல் தகாது. பிடங்கு நீண்டு, தூக்கும்போது அக்குளிற் சிக்கும். அடித்தகட்டைக் கழற்றி, மெத்தையின் தடிப்பில் தகட்டின் தடிப்பைக் கழித்து, எஞ்சிய அளவை மட்டும் பழைய சரிவு மாறாமல் மரத்தில் அறுப்பித்தல் வேண்டும். தோட்டா இல்லையென்பதை முதலிற் பார்த்து, பிடங்கைக் கழற்றியே தச்சரிடம் கொடுக்குக. துவிச்சக்கரவண்டி ரியூப்பைச் சுற்றுவோரும் உளர்; அது வழுக்காதேயன்றி உதைப்பைத் தாங்காது.