உடைந்த பெண் எங்கே?

பிக்காஸோவின் 'மா ஜோலி'யைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் வாக்கியம் தயாராகவே இருக்கிறது: இது சிதறுண்ட நவீனப் பிரக்ஞையின் படிமம். அடுத்ததும் தயார்: வர்ணமின்மை துக்கத்தின் குறியீடு. பிறகு படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

தேதிகள் இதற்கு இடம் தரவில்லை. படம் 1911-12 குளிர்காலத்தியது. யுத்தம் வந்தது 1914இல். 'என் அழகி' என்று அவர் செல்லமாக அழைத்த ஏவா இறந்தது 1915 டிசம்பரில். இதில் சாவின் முன்னறிவிப்பைக் கண்டுபிடிக்கிறவர்கள் நாவல் எழுதப் போகலாம், விமர்சனம் வேண்டாம். அவள்மீதுள்ள பிரியத்தைப் படங்களிலேயே எழுதப்போவதாக 1912இல் தன் ஓவிய வியாபாரி கான்வைலருக்குக் கடிதம் எழுதியவர் பிக்காஸோ. 'மா ஜோலி' அந்நாளைய கேளிக்கை அரங்குப் பாட்டொன்றின் பல்லவியில் வருவது. ஊரே முணுமுணுத்த பாட்டு. இதிலா துக்கம்?

வர்ணத்துக்கு வருவோம். 1910ஐ ஒட்டிப் ப்ராக்கும் பிக்காஸோவும் வர்ணத்தை ஒதுக்கியதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. உருவத்தைத் தளம் தளமாகப் பிரித்து அடுக்கும்போது சிவப்பு முன்னால் வந்து நிற்கும், நீலம் பின்வாங்கும். தளங்களின் உறவு குலையும். பழுப்பும் சாம்பலும் அந்தத் தொந்தரவு தருவதில்லை. மேலும், நம்மில் பலர் இதைக் கண்டது மங்கிய கறுப்பு வெள்ளை அச்சில். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இருக்கும் அசலில் காவியும் மண்பழுப்பும் உண்டு. பிளாக் செய்தவரின் சாம்பலுக்குப் பிக்காஸோவா பொறுப்பு?

உடைந்தவள் என்கிறார்கள். நடுவில், சற்றுக் கீழே, முக்கோணத்துக்குள் வாத்தியத்தின் தந்திகள். அவற்றின் கீழே நான்கு விரல்கள். வலப்புறம், நாற்காலிக் கையில் ஊன்றியதுபோல் ஒரு முழங்கை. மேலே, புன்னகையாக இருக்கக்கூடிய ஒரு வளைவு. ஒரு பெண் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். உடைபட்டது மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து வந்த ஒற்றைப் பார்வைக்கோணம். (காசோலைக் கையெழுத்தைச் சரிபார்க்கும் குமாஸ்தா நான், நான்கூட முதலில் கோட்டைத்தான் பார்க்கிறேன், போட்டவரின் மனவேதனையை அல்ல.)

படத்தின் அடியில் அந்த எழுத்துகள். பக்கத்தில் ஒரு மேல்நாட்டு இசைக்குறி. எழுத்துக்கு ஆழம் கிடையாது. அது துணியின் மேற்பரப்பிலேயே உட்காருகிறது. அதைப் படித்த கணமே மேலேயுள்ள தளங்கள் பின்னால் நகர்கின்றன. மறுகணம் அவையும் தட்டையாகிவிடுகின்றன. இந்தக் காரியத்தைப் பற்றி வியாக்கியானங்களில் பேச்சே இல்லை.

1937இன் 'கெர்னிகா'வில் சாம்பலுக்கு வேறு வேலை. அங்கே ஊர்மேல் குண்டு விழுந்திருந்தது. அந்தச் சாம்பலை அள்ளிவந்து, இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் நாற்காலியில் வாசித்துக்கொண்டிருந்தவள்மேல் பூசுகிறார்கள்.