நான்கு சுவருக்குள் திட்டினால் வன்கொடுமை இல்லையா?

‘ஹோம் கேர்’ சேவையின் தரம், பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தாலே பத்திரிகைகளுக்கு ஒரே கவலைதான். வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணை நம்பலாமா? பீரோ சாவி பத்திரமா? கேமரா வைத்தாயிற்றா? படுக்கையில் கிடக்கும் முதியவரின் பாதுகாப்பு முக்கியம்தான், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அறையில் பாதுகாப்பு தேவைப்படும் மனிதர்கள் இரண்டு பேர். இரண்டாவது ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் நம் சேரியிலிருந்து ரயிலேறிப் போனவர்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியலினத்தவர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கு. கும்மிடிப்பூண்டியைச் சுற்றி சிப்காட் வந்தது, இரும்பு ஆலைகள் வந்தன. தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் ஆடு மாடு மேய்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம், அவர்கள் போராடியும் நிற்காமல், சிப்காட்டுக்குப் போனது. அங்கே மிச்செலின் டயர் ஆலை எழுந்தது. நிலம் கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த ஆலைகளில் என்ன வேலை கிடைத்தது? கிடைத்தவர்களுக்கும் கான்ட்ராக்டில் துப்புரவு, கேன்டீன், பேக்கிங். முப்பத்தைந்து வயதைத் தாண்டிவிட்டால் அதுவும் இல்லை. மீதிப் பெண்கள் கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போகிறார்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது ‘பேஷன்ட் பார்த்துக்கொள்ளும்’ வேலைக்கு மாறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021லேயே மக்கள்தொகையில் 13.6 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஆகவே இந்த வேலை இனி கூடும், குறையாது.

ஏஜென்சி ஒரு கோட்டு மாட்டிவிட்டு ‘ஹோம் நர்ஸ்’ என்று அனுப்புகிறது. நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர் என்று அர்த்தம். அந்தப் பதிவு இல்லாத பெண்ணை அந்தப் பெயரில் அனுப்புவது நோயாளியின் குடும்பத்தை ஏமாற்றுவது. போகிற பெண்ணையும் கத்தி முனையில் நிறுத்துவது. மூக்கில் குழாய் போட்ட நோயாளிக்குப் படுத்த நிலையிலேயே கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும் என்று யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். எழுபது கிலோ உடம்பை ஒற்றை ஆளாகப் புரட்டினால் புரட்டுகிறவரின் இடுப்பு போய்விடும். இன்சுலின் ஊசி தவறிக் கையில் குத்தினால் என்ன செய்வது? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா? நோயாளிக்கு ஏதாவது ஆனால் பழி அந்தப் பெண் மேல். அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்த நாள் வேறொரு பெண் வருவார், அவ்வளவுதான். பணிபுரிகிறவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் நோயாளிக்குத் தரமான கவனிப்பு எங்கிருந்து வரும்?

இனி சாதிக்கு வருவோம். வேலைக்குச் சேரும் முதல் நாளே விசாரணை தொடங்கிவிடுகிறது. எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? எந்தக் கோயில் தெரு? பதிலைக் கேட்டு முடிவெடுத்த பிறகு தனி டம்ளர், தனித் தட்டு, சமையலறை வாசலோடு நிறுத்தம், கழிவறைக்கு வாட்ச்மேன் போகும் இடம். அதே கைகள்தான் அந்த வீட்டுப் பெரியவரின் வாயைத் துடைக்கின்றன, பல் செட்டைக் கழுவுகின்றன, மலம் அள்ளுகின்றன. மலம் அள்ளும்போது ஒட்டாத தீட்டு தண்ணீர் மொள்ளும்போது ஒட்டிக்கொள்கிறதாம். ‘சேவை மனப்பான்மை உள்ள பெண்கள் தேவை’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தச் சேவையை ஏன் எப்போதும் ஒரே தெருவிலிருந்து எதிர்பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டதுண்டா?

சரி, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடலாமே என்று தோழர்கள் நினைக்கலாம். இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள், இழிவுபடுத்தல் ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்கின்றன. ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாதபோது பேசியது இந்தக் குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குடும்பத்தாரும் அவர்களுடைய நண்பர்களும் மட்டும் இருந்தால் அது பொதுப் பார்வை அல்ல. அந்த வழக்கு நிலத் தகராறில் வந்தது. ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். சிலருக்கு அந்த நான்கு சுவர்தான் பணியிடம். அங்கே அவருக்குச் சாட்சி சொல்ல ஒரே ஒருவர் உண்டு, அவரும் பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடப்பார்.

இதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 7(1)(d) பிரிவு, தீண்டாமையின் பேரால் பட்டியல் சாதியினரை அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. அதில் பொதுப் பார்வை என்ற நிபந்தனை கிடையாது. தண்டனை குறைவு என்பதால் இந்தச் சட்டத்தை நம்மவர்களே மறந்துவிட்டோம். பாலியல் நோக்கோடு தொட்டாலோ பேசினாலோ வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(w) பொருந்தும், அதற்கும் அந்த நிபந்தனை இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேராக மின்சார ரயில்கூட இல்லை. சென்னைக்குள் போய் வண்டி மாற வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து அந்தப் பயணத்தை யார் செய்வார்?

கூலிக் கணக்கும் இதே லட்சணம்தான். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் வந்தது. 2018இல் அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், 444 ரூபாய். குடும்பம் ஏஜென்சிக்குக் கட்டுவது எவ்வளவு, பெண்ணின் கைக்கு வருவது எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் ஏஜென்சியை நாம் இதுவரை பார்க்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது, இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசிடம் சொன்னது.

இவ்வளவும் சென்னையின் அடுக்குமாடிகளில். நம் சேரியில் படுத்துக் கிடப்பவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? உருட்டாலையில் கால் போனவர், நாற்பத்தைந்து வயதில் பக்கவாதம் வந்தவர் என்று நமக்கும் நோயாளிகள் உண்டு. பிறர் வீட்டு முதியவரைக் குளிப்பாட்டப் போன அம்மாவுக்குப் பதில் இங்கே பாட்டியைக் குளிப்பாட்டுவது பத்தாம் வகுப்பு மகள். அவள் பள்ளியைவிட்டு நின்றதற்குக் காரணம் ‘குடும்பச் சூழல்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வீட்டிலேயே மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலிநிவாரணச் சிகிச்சை. நல்ல திட்டம், பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் வீடு வீடாக நடக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்குச் சம்பளம் என்ற பெயரே கிடையாது, சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைதான். பெண்கள் செய்தால் உழைப்புக்குத் ‘தன்னார்வம்’ என்று பெயர். மாத்திரை கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது அந்தத் திட்டத்தில் யார் வேலை? கேரளம் 2008லேயே வலிநிவாரணச் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியே வீட்டுப் பராமரிப்பைக் கொண்டுபோனது. நம் ஊராட்சிகளுக்கு அதைச் செய்யத் தடை என்ன? நம் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கூலி கொடுத்து, நம் தெருவிலேயே அமர்த்தலாமே.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட உள்ளூர்க் குழுவின் தலைவர் யார், வீட்டு வேலை செய்யும் பெண்களிடமிருந்து எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை போலீசுக்குப் போயின, நல வாரியத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டினால் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் தெருவுக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். மனுவின் மாதிரி நம்மிடம் இருக்கிறது.