சயாமில் போய் ஓய்வு எடுக்கலாமா?

சுங்குவார்சத்திரம் வழிப்போக்கர்கள் தங்கிப் போன ஊர். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். நெல் விளைந்த இடங்களில் இன்று பிரிட்ஜும் டெலிவிஷனும் கைப்பேசியும் விளைகின்றன. பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய ஓட்டல்கள்கூட இருக்கின்றன.

அந்த ஓட்டல்களில் சாப்பிடும் கொரியர்கள் வேலை விசாவில் வந்தவர்கள். வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "இந்த ஊர் பிடித்துவிட்டது, ஓய்வு பெற்று இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று ஒருவர் கேட்டால், அதற்கென்று ஒரு விசா இந்தியாவில் கிடையாது.

தாய்லாந்தில் உண்டு. முன்பு சயாம் என்று அழைக்கப்பட்ட நாடு அது. வயது 50 நிறைந்தவர்கள் ஓய்வாகத் தங்குவதற்கென்றே தனி அனுமதி வைத்திருக்கிறார்கள். ஐந்து நாள் சுற்றுலா போய் வந்தவர்கள், "தெரு சுத்தம், சாப்பாடு மலிவு, ஜனங்கள் மரியாதை" என்று சொல்கிறார்கள். நிலம் விற்ற பணம் கையில் இருக்கும் குடும்பத்துக்கு ஆசை வருவது இயற்கை. பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் கிழவனும் கிழவியும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதை விட, கடற்கரையில் இருக்கலாமே!

ஆசை தவறு இல்லை. ஆனால் அதற்காகச் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் வீட்டை விற்பது தவறு. அது ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

எட்டு லட்சம் பாத்

தாய்லாந்து நாணயத்துக்குப் பாத் என்று பெயர். ஓய்வுக்காரர் அந்த நாட்டு வங்கியில், தன் பெயரில் 8 லட்சம் பாத் போட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதா மாதம் 65,000 பாத் வருமானம் வருவதாகக் காட்ட வேண்டும். ஒரு பாத்தின் விலை இப்போதெல்லாம் இரண்டரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. அப்படியானால் வங்கியில் போடும் பணம் 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. மாத வருமானம் என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல்.

இங்கே தொழிற்சாலைப் பென்ஷன் எவ்வளவு? வருங்கால வைப்பு நிதிப் பென்ஷனுக்கு 2014-ல் 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பு வைத்தார்கள். அதன்படி கணக்குப் போட்டால், 30 வருஷம் உழைத்தவருக்கும் மாதம் 7,000 ரூபாய் முழுதாக வராது. ஆகவே பென்ஷனை நம்பிச் சயாமுக்குப் போக முடியாது. நிலத்தையோ வீட்டையோ விற்ற பணம்தான் போகும்.

அந்தப் பணமும் பூட்டி வைத்த பணம். விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே 8 லட்சம் பாத் வங்கியில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 2019-ல் இப்படிக் கட்டுப்பாடு செய்தார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் 8 லட்சம் ஆக்க வேண்டும். சாப்பாடு, வாடகை, மருந்து எல்லாவற்றுக்கும் வேறு பணம் வேண்டும்.

இன்னொரு விஷயம். 2015-ல் ஒரு பாத் 2 ரூபாய்க்கும் குறைவு. அதே பாத் இன்று எவ்வளவு என்று மேலே சொல்லியாகிவிட்டது. "அங்கே எல்லாம் மலிவு" என்று பத்து வருஷம் முன்பு போனவர் சொன்னதை இன்று நம்பக்கூடாது. அங்கே விலை ஏறாவிட்டாலும், ரூபாய் இறங்கினால் விலை ஏறியது மாதிரிதான்.

பணத்தை அனுப்புவதற்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துவிடும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மொத்தமாக அனுப்பப் போய் விழிக்கிறவர்கள் உண்டு.

தாய்லாந்திலும் வரி இருக்கிறது. வருஷத்தில் 180 நாள் அங்கே தங்கினால் அந்த நாட்டு வரிக்கு உட்பட்டவர் ஆகிவிடுகிறார். 2024 ஜனவரி முதல், வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டு வரும் வருமானத்துக்கும் வரி கேட்கிறார்கள்.

எத்தனை வருஷம் இருந்தாலும் விருந்தாளி

அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் தோறும் குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை, "இன்ன விலாசத்தில் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். நடுவில் பேரன் காதுகுத்துக்கு ஊருக்கு வர வேண்டுமானால், திரும்பி வருவதற்கு முன்கூட்டியே அனுமதி எழுதி வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் ஒரு வருஷ அனுமதி அன்றோடு போயிற்று.

வேலை எதுவும் செய்யக்கூடாது. சும்மா இருக்க முடியவில்லை என்று ஒரு கடையில் உட்கார்ந்து உதவி செய்தாலும் குற்றம் ஆகலாம். வெளிநாட்டார் சாதாரணமாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கலாம். அதிலும் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டாருக்குப் போகக்கூடாது.

யாரும் முதலில் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கணவர் இறந்துவிட்டால் மனைவியின் கதி என்ன? பெரும்பாலும் கணவர் பெயரில் அனுமதி, கணவர் பெயரில் வங்கிக் கணக்கு. அவரைச் சார்ந்தவர் என்ற முறையில்தான் மனைவி அங்கே தங்கியிருப்பார். அவர் போனதும் அந்த அனுமதி நிலைக்காது. வங்கியில் கிடக்கும் 8 லட்சம் பாத்தை எடுக்க அந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பாஷை தெரியாத ஊரில், துக்கத்தோடு, ஒரு வயதான அம்மாள் வக்கீல் வீட்டுக்கு நடக்க வேண்டும். இங்கே வீடும் விற்றாகிவிட்டது என்றால் அந்த அம்மாள் எங்கே திரும்புவார்? மகன் வாடகை வீட்டிலா? ஆண்கள் போடும் கணக்கில் இந்த வரி விட்டுப்போகிறது.

நோயும் அப்படியே. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பாங்காக் ஆஸ்பத்திரியில் செல்லாது. தனியார் காப்பீடு எடுக்கலாம். எழுபது வயதைத் தாண்டியவருக்குப் பிரீமியம் மலைக்க வைக்கும்.

பழக வேண்டியவை

பழக்கவழக்கத்தில் தமிழருக்குச் சிரமம் குறைவு. செருப்பை வாசலில் விடுகிறார்கள். அரிசிதான் சாப்பாடு. கை கூப்பித்தான் வணங்குகிறார்கள். அதற்கு "வாய்" என்று பெயர். கேட்டால் சிரிப்பு வரும்! ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்குச் சொங்க்ரான் பண்டிகை. தமிழ்ப் புத்தாண்டும் அந்த நாளை ஒட்டித்தான் வருகிறது. தாய் எழுத்து கெமர் எழுத்தின் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. காஞ்சிபுரத்தில் ஆண்ட பல்லவர்களின் எழுத்து! பாங்காக் சீலோம் தெருவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் தாய் நாட்டு மக்களே கூட்டம் கூட்டமாக வந்து மாலை சாத்துகிறார்கள்.

எழுத்துக்கு உறவு இருந்தாலும் பேச்சு கடினம். ஐந்து வகை ராகத்தில் பேசுகிறார்கள். ஏறக்குறைய "மாய்" என்ற ஒரே ஓசையை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் ஒன்று. புதிது, இல்லை, மரம், பட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். 60 வயதில் இதைக் கற்கலாம். பொறுமை வேண்டும்.

அதைவிடக் கடினம் குரலை அடக்குவது. அந்த ஊரில் கத்திப் பேசுகிறவருக்கு மரியாதை இல்லை. "ஜாய் யென்" என்பார்கள். குளிர்ந்த மனம் என்று பொருள். பஸ் நிலையத்தில் ஆட்டோ கட்டணத்துக்குச் சண்டை போட்டுப் பழகியவர் அங்கே சிரித்துக்கொண்டே பேரம் பேசக் கற்க வேண்டும். யார் தலையையும் தொடக்கூடாது, குழந்தையாக இருந்தாலும். புத்தர் சிலையை நோக்கிக் காலை நீட்டக்கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. அரசரைப் பற்றி வாயைத் திறந்து குறை சொன்னால் 3 முதல் 15 வருஷம் வரை சிறை. அரசியல் பேசாமல் டீ குடிக்க முடியாத தமிழ்நாட்டுப் பெரியவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

"சயாம்" என்றால் பழைய குடும்பங்களில் வேறொரு ஞாபகமும் உண்டு. 1942-43-ல் ஜப்பானியர் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய்க் காட்டில் ரயில் பாதை போட வைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எப்படிப் போகலாம்?

போக விரும்புகிறவர் முதலில் குடியேறப் போக வேண்டாம். தங்கிப் பார்க்கப் போகலாம். 2024 ஜூலையில் இந்தியருக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதித்தார்கள். இந்த மாதிரி விதிகள் அடிக்கடி மாறும். டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டலில் தங்காமல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சந்தையில் காய் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், இரத்த அழுத்த மாத்திரை என்ன விலை, இரவில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிறகும் இருக்கத் தோன்றினால் இருக்கலாம். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுப் போகலாம். தொழிற்சாலைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும் ஊரில் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மனைவிக்கும் 50 வயது ஆகியிருந்தால், வசதி உள்ளவர்கள் அவர் பெயரிலேயே தனிக் கணக்கும் தனி அனுமதியும் வாங்கிவிடுவது நல்லது.

பார்க்கப் போகும் மாதம் ஜனவரி வேண்டாம். அப்போது எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம். அங்கே மழைக்காலம். தெருவில் தண்ணீர் நிற்கும், கொசு கடிக்கும். வீட்டு வாடகையும் குறைவு.