இருதயம் தேறிவிட்டது, நினைவு?

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். நெஞ்சு வலி நின்றதா? நடக்க முடிகிறதா? "இப்போது தேவலை" என்பார் அவர். வந்தவர்களும் பழங்களைக் கொடுத்துவிட்டுத் திருப்தியோடு விடை பெறுவார்கள்.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அவரும் வாய் திறப்பதில்லை. பேரேட்டில் ஒரு பத்தியை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வருகிறது. பத்திரிகைச் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்து விடுகிறது. பழகியவரின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்று கொள்கிறது. வெளியே சொன்னால் புத்தி கெட்டுவிட்டது என்பார்களோ, வேலைக்கே உலை வைத்துவிடுவார்களோ என்று மனத்துக்குள் புழுங்குகிறார்.

இந்த மறதி வெறும் பிரமையா? ஆபரேஷனால் வந்த வினையா? மருத்துவ உலகம் இதற்கு விடை தேடிப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அந்த விடை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

1953 மே 6ந் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்து ஓர் இளம் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தார். 1967ல் கிளீவ்லாந்தில் டாக்டர் பவலோரோ, காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயைக் கொண்டு அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போட்டார். இந்தியாவில் பைபாஸ் ஆபரேஷன் முதன் முதலாக வெற்றி கண்டது 1975ல், சென்னை பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். இதனால் உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

ஆனால் பிழைத்தவர்களில் சிலர் 'முன்போல் இல்லை' என்ற பேச்சும் கூடவே வந்தது. 'பம்ப் மண்டை' என்று மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்குக் கேலிப் பெயர் கூட வைத்து விட்டார்கள். இயந்திரத்தின் வழியாக ரத்தம் ஓடும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகளும் கொழுப்புத் துகள்களும் மூளைக்குப் போய்விடுகின்றன என்பதே பலருடைய சந்தேகம்.

பயமுறுத்திய கணக்கு

வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக் கழகத்தில் மயக்க மருந்து நிபுணர் டாக்டர் மார்க் நியூமன், கேலியை விட்டுக் கணக்கில் இறங்கினார். 261 நோயாளிகளின் நினைவாற்றலை ஆபரேஷனுக்கு முன்பே சோதித்துக் குறித்துக் கொண்டார். சிறு கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, எண்களை வரிசையாகவும் தலைகீழாகவும் ஒப்பிப்பது, பார்த்த படத்தை நினைவிலிருந்து வரைவது போன்ற சோதனைகள் அவை. அவற்றையே ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போதும், ஆறு வாரம், ஆறு மாதம், ஐந்து ஆண்டு கழித்தும் நடத்தினார்.

2001ல் முடிவு வெளியாயிற்று. வீடு திரும்பும்போது 100க்கு 53 பேருக்குத் திறன் குறைந்திருந்தது. ஆறு வாரத்தில் இது 36 ஆகவும், ஆறு மாதத்தில் 24 ஆகவும் இறங்கியது. இது வரையில் நல்ல செய்திதான். ஆனால் ஐந்தாம் ஆண்டில் கணக்கு மறுபடி 42க்கு ஏறிவிட்டது! தொடக்கத்தில் சரிந்தவர்களே பிறகும் அதிகம் சரிந்தார்கள். பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன. ஆபரேஷன் செய்து கொண்டால் மூளை போய்விடும் என்ற பீதி பரவியது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்

கணக்குத் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: ஆபரேஷன் செய்து கொள்ளாதவர்களின் நினைவு அந்த ஐந்தாண்டில் எப்படி இருந்தது? டியூக் ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு கூட்டம் இல்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு எப்படி முடியும்?

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தின் ஓலா செல்னஸ், கை மெக்கான் ஆகியோர் இந்தக் குறையைத் தீர்த்தார்கள். ஐந்தாண்டு கழித்து நினைவு சரிவதை முன்பு அவர்களும் கண்டவர்கள்தான். ஆனாலும் அதோடு நிற்கவில்லை. பைபாஸ் செய்து கொண்டவர்கள், இயந்திரமின்றித் துடிக்கும் இருதயத்திலேயே ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், அதே இருதய நோய் இருந்தும் ஆபரேஷன் இன்றிச் சிகிச்சை பெற்றவர்கள், இருதய நோயே இல்லாதவர்கள் என நான்கு வகையினரையும் ஆறு ஆண்டு தொடர்ந்து சோதித்தார்கள்.

பைபாஸ் செய்து கொண்டவர்களும் ஆபரேஷன் இன்றிச் சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவுதான் சரிந்திருந்தார்கள். இருதய நோயே இல்லாதவர்கள் மட்டும் மேலாக இருந்தார்கள். ஆக, நெடுநாள் மறதிக்கு ஆபரேஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இருதயத்தின் குழாய்களைக் கெடுத்த ரத்தக் கொதிப்பும், சர்க்கரையும், புகையும் மூளையின் குழாய்களையும் விட்டு வைப்பதில்லை. நெதர்லாந்தில் 281 பேரிடம் நடந்த சோதனையும் இதற்குச் சாட்சி. இயந்திரத்துடன் ஆபரேஷன் செய்தாலும், இல்லாமல் செய்தாலும், ஐந்தாண்டு கழித்து நினைவில் வேறுபாடு காணவில்லை என்று 2007ல் அறிவித்தார்கள்.

தாம் முன்பு கண்டதையே மறுபடி சோதித்து, தவறாகப் புரிந்து கொள்ள இடமுண்டு என்று எடுத்துக் காட்டிய பால்டிமோர்காரர்களின் நேர்மை போற்றத்தக்கது.

செய்ய வேண்டியது என்ன?

மறதிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப் போடுவது தவறு. அடைப்பு இருக்கிறபோது அது உயிரோடு விளையாடுவதாகும். ஆனால் முதல் சில வாரங்களில் வரும் தடுமாற்றம் உண்மையானது. அதை மறைப்பதும் தவறு.

முதற்கடமை டாக்டர்களுடையது. முன்கூட்டியே சொன்னால் நோயாளி மிரண்டு ஓடிவிடுவார் என்று சிலர் வாதிக்கலாம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போய்த் தடுமாறும்போது, தமக்கு மட்டும் வந்த கேடு என்று எண்ணி அவர் இன்னும் அதிகமாக மிரளுவார். "சில வாரம் கவனம் சிதறும், பெரும்பாலும் மாதக் கணக்கில் சரியாகிவிடும்" என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது அலுவலகம். மாடி ஏற முடிகிறது என்ற சர்டிபிகேட் இருந்தால் போதும், முதல் நாளே பழைய வேலை முழுவதையும் தலையில் கட்டி விடுகிறார்கள். கால் முறிந்து வந்தவரைப் பளு தூக்கச் சொல்வார்களா? சில வாரம் இலகுவான பணி கொடுத்து, அவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரி பார்த்தால் அலுவலகம் ஒன்றும் முழுகிப் போய்விடாது. வெல்டிங், கிரேன் போன்ற ஆபத்தான வேலைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம்.

குடும்பத்தின் பங்கும் சிறியதல்ல. ஊரை விட்டு வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் இடத்தில், பார்த்துக் கொள்ள மனைவி ஒருத்திதான். சொன்னதையே திருப்பிக் கேட்கிறாரே என்று அவள் சலித்துக் கொண்டால் அவர் ஊமையாகி விடுவார். மருந்து வேளையைச் சீட்டில் எழுதி ஒட்டலாம். மன வாட்டமும் மறதி போலவே தோன்றும் என்பதால், மாதக் கணக்கில் தேறாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். திடீரென வாய் குழறினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ அது மறதி அல்ல, பக்கவாதம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நோயாளியின் பொறுப்பு என்றும் உள்ளது. ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று பீடியையும் ஊறுகாயையும் மறுபடி தொட்டால், இருதயத்துக்குப் போட்ட பாதையால் மூளையைக் காப்பாற்ற முடியாது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அடங்கியிருப்பதே நினைவுக்குக் காவல்.

இனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், "வேலையில் கவனம் நிற்கிறதா?" என்ற மூன்றாவது கேள்வியையும் கேட்கட்டும். இல்லை என்று அவர் பயமில்லாமல் சொல்ல முடிந்தால், பாதி பாரம் அங்கேயே இறங்கிவிடும்.